நாலு எல்லைக்குள் ஒரு மணம்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்து உட்காருங்கள். தொலைந்து போன மூக்கு ஒன்றைப் பத்திரம் எழுதித் தேடின கதை இது. கேட்டு முடிக்கும்போது உங்களுக்குப் பசிக்கும். அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வஞ்சுளவல்லி என்று ஒருத்தி. வயது அறுபதைத் தொட்டுவிட்டது. அவள் அகத்துக்காரர் உப்பிலி, பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, முப்பத்தைந்து வருஷமாக ஊரார் நிலத்தையெல்லாம் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நாலு எல்லைக்குள் கட்டிப்போட்ட மனுஷர். இப்போது மேஜைமேல் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது. என்றாலும் எல்லை சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் விலாசத்துக்குப் பதிலாக நாலு எல்லையை அச்சடித்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு சரியாக வந்து சேர்ந்தவர் தாசில்தார் ஆபீஸ் சர்வேயர் ஒருத்தர்தான். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.

எல்லையைவிடப் பெரிய பேர் அவருக்கு மூக்கினால் வந்தது. அடுப்பில் ரசம் கொதித்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் உள்ளே போகும்.

"வஞ்சு, சாத்தமுதுல பெருங்காயம் தூக்கல்."

"மூக்கை உள்ளே அனுப்பிட்டு நீங்க வாசல்லயே நில்லுங்கோ. அதுக்கு மட்டும் இலை போடறேன்" என்பாள் அவள்.

குழம்பு அடிபிடித்ததை அவள் மறைத்து மேலாக எடுத்து ஊற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார். நெய் காய்ச்சும்போது முருங்கையிலை போட மறந்தால் தெருமுனையிலேயே தெரியும். இப்படி முப்பத்தெட்டு வருஷம் குற்றம் கேட்டுக் கேட்டே அவள் தளிகை, அதாவது சமையல், அந்தத் தெருவிலேயே முதல் தளிகை ஆனது.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த காலத்தில், அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கிலிருந்த வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மதுரை டாக்டர் நாலு சின்னப் பாட்டில் கொடுத்தார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். காலையும் மாலையும் மோந்து பழக வேண்டும். உப்பிலி அதற்கு ஒரு ரெஜிஸ்டர் போட்டார். தேதி, நேரம், பாட்டில், முடிவு. முடிவு என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை "இல்லை, இல்லை, இல்லை". ஒரு ரெஜிஸ்டர் தீர்ந்து இரண்டாவதும் பாதியாயிற்று.

அன்றிலிருந்து வஞ்சுளவல்லி எதைப் பரிமாறினாலும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான். நன்னாயிருக்கு.

முதல் இரண்டு நாள் அவளுக்கு மனசு குளிர்ந்தது. மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்த்தாள். உப்பில்லாமல் கூட்டு வைத்தாள், நன்னாயிருக்கு. பருப்பைத் தீய விட்டாள், நன்னாயிருக்கு. ஒருநாள் வெந்நீரில் மஞ்சள்பொடியைக் கரைத்து, நாலு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுச் சாத்தமுது என்று ஊற்றினாள். அவர் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்.

அன்றைக்கு அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "கல்லுக்குத் தளிகை பண்றாப்பல இருக்கு" என்று முனகினவள், சொன்ன வாய்மேல் தானே போட்டுக்கொண்டாள். பெருமாளும் கல்தான். ஆனால் அவர் நன்னாயிருக்கு என்று பொய் சொல்வதில்லை. அவளுக்கு வைரத்தோடு வேண்டாம், காசி யாத்திரை வேண்டாம். அந்த மூக்கு திரும்ப வர வேண்டும். அது அவளிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

ஊரில் நடையாளர் மன்றம் ஒன்று உண்டு. தலைவர் லக்ஷ்மிநரசிம்மன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிறு வேன் பிடித்து ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்துக்கு எல்லாரையும் நடக்கக் கூட்டிப்போவார். அந்த மாதம் "மணக்கும் காட்டுச்செடிகளை அறிவோம்" என்று அறிவிப்பு. செடிக்கு நேரே கைபேசியைக் காட்டினால் பேர் சொல்லும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது பேர் சொல்லத்தான் செய்தது. ஒரே செடிக்கு இடப்பக்கம் ஒரு பேர், வலப்பக்கம் ஒரு பேர். மூலிகை எது என்று அடையாளம் தெரியாமல் மலையையே தூக்கி வந்தவரின் சஞ்சீவி மலை ராஜபாளையத்தில்தானே நிற்கிறது. அங்கே போய் யார்தான் திருத்தமாகப் பேர் சொல்லிவிட முடியும்?

"மூக்கில்லாதவனுக்கு மணச்செடி எதுக்கு?" என்றார் உப்பிலி.

"காலுக்கு நல்லது, போயிட்டு வாங்கோ" என்று வஞ்சுளவல்லிதான் தள்ளிவிட்டாள்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நேரே அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"வஞ்சு, எனக்கு வாசனை வந்தது."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "என்ன வாசனை?"

"எப்படிச் சொல்றது. நெய், பழைய பத்திரம், மழை நனைஞ்ச கம்பளி, எல்லாம் சேர்ந்து ஒரு தெய்வ மணம். நடந்து வந்துண்டே இருக்கேன், குப்புனு அடிச்சுது. கண்ணை மூடிண்டு நின்னுட்டேன்."

"எந்தச் செடி?"

"தெரியலை. கண்ணாடியில பனி படிஞ்சுடுத்துன்னு கழட்டிப் பையில போட்டிருந்தேன். இடுப்பு உயரம் இருக்கும். கறுத்த தழை. அடர்த்தியா தரையோட படர்ந்திருந்தது. லேசா அசைஞ்சுது."

"காத்துல அசைஞ்சிருக்கும். ஒரு தழை கிள்ளிண்டு வந்திருக்கலாமே."

உப்பிலி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னிக்குத் துவாதசி. துளசி வர்க்கமா இருந்துட்டா? துவாதசியன்னிக்குத் துளசி கிள்ளின பாவத்தை யார் சுமக்கறது?"

அன்று அவர் ஒரு தழை கிள்ளியிருந்தால் விஷயம் அங்கேயே, அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும். எப்படித் தீர்ந்திருக்கும் என்பது பின்னால் தெரியும்.

"கவலைப்படாதே. நான் சும்மா வரலை" என்று சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவள் வாசித்தாள்.

"இராஜபாளையம் வட்டம், மலையடிவாரப் பாதையில், செட்டியார்பட்டி மாரியாத்தாள் என்பவரின் ஆடுகள் படுத்திருக்கும் இடத்துக்கு மேற்கு, பால்காரர் சோலைச்சாமி நிறுத்தியிருக்கும் சிவப்பு மொபெட்டுக்குக் கிழக்கு, ஸ்ரீமான் லக்ஷ்மிநரசிம்மன் அமர்ந்திருக்கும் மடக்கு நாற்காலிக்குத் தெற்கு, நடைபாதைக்கு வடக்கு. இந்த நான்கெல்லைக்கு மத்தியில் உள்ள செடி ஒன்று, அதன் தழை, கொப்பு, வேர், மணம் உட்பட."

அவள் இரண்டு தரம் படித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏன்னா, இதுல பாதையைத் தவிர மத்ததெல்லாம் இப்போ எங்கே இருக்கு?"

உப்பிலி புத்தகத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். நாலு எல்லையில் மூன்றுக்குக் கால் இருந்தது. அவர் முப்பத்தைந்து வருஷத் தொழிலில் எல்லை எழுந்து வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை இருவரும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து அடிவாரத்தில் இறங்கினார்கள். பாதை நாலு கிலோமீட்டருக்கு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் செடிதான். எந்த இடம் என்று உப்பிலிக்குச் சொல்லத் தெரியவில்லை. மாந்தோப்பு வேலி ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. உப்பிலியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அவள்தான் மாரியாத்தாள்.

"வாங்க சாமி. என்னைக்கு வருது?"

"எது?"

"ஆட்டுக் கொட்டகைதான். நேத்து எம் பேரு, எங்கப்பன் பேரு, ஊரு, ஆடு எம்புட்டு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டுப் போனீகள்ல. கவருமெண்டுல கொட்டகை குடுக்கப் போறாவன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

வஞ்சுளவல்லி அவளைத் தனியாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். நாலு வருஷத்து நன்னாயிருக்கையும் சேர்த்துச் சொன்னாள். மாரியாத்தாள் தாடையில் கைவைத்துக்கொண்டாள்.

"அடக் கொடுமையே. எம் புருசன் இருந்த வரைக்கும் ஒரு நா சோத்த நல்லாருக்குன்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா நான் பயந்துருப்பேம்மா."

"இந்தப் பக்கத்துச் செடியெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?"

"ஆடு கடிச்சது, கடிக்காதது அம்புட்டும் தெரியும். நேத்து ஆடு பாதை நெடுக நாலு எடத்துல படுத்துச்சு, எந்த எடம்னு சொல்ல முடியாது. வாங்க, ஒண்ணொண்ணா மோந்து பாத்துருவோம்."

அப்படித் தொடங்கியது அந்த நடை. முன்னால் மாரியாத்தாள், நடுவில் புத்தகத்தோடு உப்பிலி, பின்னால் குடையோடு வஞ்சுளவல்லி, அவளுக்குப் பின்னால் காரணம் தெரியாமல் முப்பது ஆடுகள். மாரியாத்தாள் முதலில் ஒரு தழையை உருவிக் கசக்கி நீட்டினாள்.

"இது நொச்சி. தலவலிக்குத் தலகாணியில திணிச்சு வெப்போம். பொழுதடைஞ்சா கொசுவுக்குப் புகை போடுவோம்."

உப்பிலி மூச்சை இழுத்தார். "இல்லை" என்று எழுதினார்.

வஞ்சுளவல்லி அதே தழையை வாங்கி மோந்தாள். பச்சைக் கசப்பாய் ஒரு மணம் நெற்றிவரை ஏறியது. இவ்வளவும் அந்த மூக்குக்கு வெறும் காற்றா என்று நினைத்தாள்.

அடுத்தது மிளகரணை. கொடியெல்லாம் கொக்கி முள். மாரியாத்தாள் சேலையை விடுவித்துக்கொண்டே ஓர் இலையைக் கிழித்தாள். நாரத்தங்காயைக் கீறினதுபோல் மணத்தது. இல்லை. நாய்த்துளசி, இல்லை. உன்னிச்செடி, பூவைத் தேய்த்தும் இலையைத் தேய்த்தும், இல்லை. கிளுவைப் பட்டையைக் கல்லால் சுரண்டி மூக்கிலேயே தடவினாள் மாரியாத்தாள். உப்பிலி அதைத் துடைத்துவிட்டு, இல்லை என்று எழுதினார்.

பேய்மிரட்டி வந்தது. "இத மோந்தா பேயே ஓடிப்போயிரும்" என்றாள் மாரியாத்தாள்.

உப்பிலி மோந்தார். நின்ற இடத்திலேயே நின்றார்.

"பேய்க்கு இருக்குற மூக்குகூட இவியளுக்கு இல்லியேம்மா."

பிறகு ஒரு குருந்து. வஞ்சுளவல்லி செருப்பை உதறிவிட்டுக் கைகூப்பினாள். கண்ணன் ஏறி உட்கார்ந்த மரம். கிள்ளினாலே எலுமிச்சை மணம் பரவும். இதற்காவது வராதா என்று அவள் தானே இலையைக் கசக்கி, இரண்டு கையாலும் ஏந்தி அவர் மூக்கடியில் வைத்தாள். உப்பிலி வெகுநேரம் இழுத்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நன்னாயிருக்கு" என்றார்.

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எழுதுங்கோ. இல்லைன்னு எழுதுங்கோ. தளிகையிலதான் பொய் சொல்றேள், பத்திரத்துலயும் சொல்லுவேளோ?"

அவர் தலைகுனிந்து எழுதினார். வெயில் உச்சிக்கு வந்தபோது பதினாலு செடி ஆகியிருந்தது. பதினாலுக்கும் இல்லை.

"எல்லை கலைஞ்சு போச்சு. கலைஞ்ச எல்லையைத் திரும்ப நடணும். அதுதான் முறை" என்றார் உப்பிலி. அவர் குரலில் இப்போது கோர்ட்டு ஏறியிருந்தது. "வர ஞாயித்துக்கிழமை, அதே நேரத்துக்கு, எல்லாரையும் அதே இடத்துல வைக்கணும்."

ஞாயிறு விடிந்து ஆறரைக்கு எல்லைகள் வந்து சேர்ந்தன. லக்ஷ்மிநரசிம்மன் மடக்கு நாற்காலியோடு வந்தார். சோலைச்சாமி சிவப்பு மொபெட்டில் பால் கேன் கட்டி, தேய்த்த சட்டை போட்டு, சாட்சி சொல்ல வந்தவன்போல் நின்றான். மாரியாத்தாளும் சோலைச்சாமியும் பேசிப் பேசி இடத்தை நிதானித்தார்கள். மொபெட் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டின கறை இருந்தது. ஈர மண்ணில் நாற்காலிக்கால் பதிந்த நாலு குழியும் அப்படியே காய்ந்து கிடந்தன. லக்ஷ்மிநரசிம்மன் அந்தக் குழிகளில் கால்களைப் பொருத்தி உட்கார்ந்தார்.

"சாமி, போன வாரம் கேன் காலி. இன்னிக்குப் பால் இருக்கு. பரவால்லியா?" என்று கேட்டான் சோலைச்சாமி.

உப்பிலி யோசித்தார். "பால் எல்லையில வராது. இருக்கட்டும்."

ஆடுகள்தான் ஒத்துழைக்கவில்லை. மேற்கும் கிழக்குமாக நின்றுகொண்டு புல்லைக் கடித்தன.

"நிக்கிற ஆடு செல்லாது. படுத்திருக்கும் ஆடுகள்னு எழுதியிருக்கு" என்றார் உப்பிலி.

"படுத்தாத்தான் என்னவாம். ஏட்டி, படுங்களேன்" என்றாள் மாரியாத்தாள். ஓர் ஆடு அவளைத் திரும்பிப் பார்த்தது. "வயிறு ரொம்பாம படுக்காதுக சாமி. செத்த நேரம் பொறுங்க."

ஒரு மணி நேரம் பொறுத்தார்கள். மேலாளராக இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று கட்டளை. அவருக்குக் கால் மரத்துப்போனது. கடைசியாக முப்பது ஆடுகளும் ஒவ்வொன்றாக முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து அசைபோட ஆரம்பித்தன. உப்பிலி ஆடு கட்டுகிற கயிறுகளை வாங்கி முடிச்சுப் போட்டு நீட்டமாக்கினார். ஆட்டிலிருந்து மொபெட் வரை ஒரு கயிறு. நாற்காலியிலிருந்து பாதை வரை ஒரு கயிறு. வஞ்சுளவல்லி ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். இரண்டு கயிறும் குறுக்கே வெட்டின இடத்துக்கு எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

அங்கே செடி இல்லை. ஒரு செடி பிடுங்கின குழிகூட இல்லை. அமுங்கின புல்லும் நாலைந்து ஆட்டுப் புழுக்கையும் கிடந்தன.

வஞ்சுளவல்லி கயிற்றைக் கீழே விட்டாள். உப்பிலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எழுதினது தப்பா இருக்காது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மாரியாத்தாள் அந்த இடத்தைப் பார்த்தாள், உப்பிலியைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஏஞ் சாமி, செடி கறுப்பா இருந்துச்சோ?"

"ஆமா."

"இடுப்பு உசரம்?"

"ஆமா."

"அசைஞ்சுச்சோ?"

"லேசா. ஆனா அன்னிக்குக் காத்து இல்லைன்னு இப்பத்தான் நினைவு வருது."

"அது எங் கிடா சாமி. கரிச்சான். அன்னிக்கு இந்த எடத்துலதான் படுத்துக் கெடந்தான். மத்தியானம் கால்ல முள்ளேறிருச்சுன்னு தோப்புப் பட்டியிலயே கட்டிப் போட்டுருக்கேன்."

துவாதசி என்று உப்பிலி கிள்ளாமல் விட்ட தழை எது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

லக்ஷ்மிநரசிம்மன் தொண்டையைச் செருமினார். "இப்போ சொல்லிடறேன். அன்னிக்கு இந்த இடத்துல சகிக்க முடியாத ஒரு நாத்தம். அதனாலதான் நான் நாற்காலியைத் தூக்கிண்டு வடக்கே போனேன்."

"ஏன் சொல்லலை?" என்றார் உப்பிலி.

"அது உம்ம மேலேருந்து வருதுன்னு நினைச்சேன்."

சோலைச்சாமி திரும்பி நின்று சிரித்தான். உப்பிலி அமுங்கின புல்லின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலு வருஷம் கழிச்சு வந்த மணம், ஒரு கிடா நாத்தமா?"

வஞ்சுளவல்லி ஆடு உரசினால் தலைமுழுகுகிறவள். தெருவில் ஆட்டுமந்தை போனால் வாசல் கதவைச் சாத்துகிறவள். அவள் அவர் உச்சந்தலையைப் பார்த்தபடி சற்று நின்றாள். தெய்வ மணமோ, ஆட்டு மணமோ, அந்த மூக்கில் நாலு வருஷமாக நுழைந்தது அது ஒன்றுதானே.

"மாரியாத்தா" என்றாள். "அந்தக் கரிச்சானை அழைச்சுண்டு வரச் சொல்லுங்கோ."

"இங்கயா? ஏம்மா, அந்த வாடை உங்க சேலையில ஏறுனா நாலு நாளைக்குப் போகாது."

"ஏறட்டும்."

சோலைச்சாமி மொபெட்டை உதைத்துக் கிளப்பினான். "மேற்கு எல்லை போறது" என்று உப்பிலி பழக்கத்தில் முனகினார். கால் மணி கழித்து மொபெட் திரும்பியது. முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் கரிச்சான் உட்கார்ந்திருந்தான். காளைக்கன்று மாதிரி உடம்பு, தாடி முழங்கால்வரை, கழுத்தை நிமிர்த்தி ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஜமீன்தார்போல் இருந்தான். அவனுக்குப் பின்னால் சோலைச்சாமி மூச்சைப் பிடித்து முகம் நீலமாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

மொபெட் சத்தம் கேட்பதற்கு முன்னால் வாடை வந்துவிட்டது. லக்ஷ்மிநரசிம்மன் நாற்காலியை மடக்கிக்கொண்டு ஓடினார். மாரியாத்தாளே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வஞ்சுளவல்லிக்குக் கண்ணில் நீர் கட்டியது, குடலைப் பிரட்டியது. ஆனாலும் அவள் பொத்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது உப்பிலியை.

அவர் மெல்ல எழுந்தார். கண்ணை மூடினார். மூக்குத்துவாரம் இரண்டும் விரிந்தது.

"வருது" என்றார். "வஞ்சு, வருது."

நேரே நடந்துபோய்க் கரிச்சானின் தாடிக்குள் முகத்தைப் புதைத்தார். கிடாவுக்கு இந்த மரியாதை புதிது. அவர் காதை ஒருமுறை நக்கிவிட்டுப் பேசாமல் நின்றது.

"போதும் சாமி, அவனுக்கு வெக்கம் வந்துரும். முப்பது பொண்டாட்டியும் பாத்துக்கிட்டு இருக்காளுக" என்றாள் மாரியாத்தாள்.

லக்ஷ்மிநரசிம்மன் தூரத்திலிருந்தே கைபேசியைக் கிடாவுக்கு நேரே காட்டினார். அது சற்று யோசித்து, முல்லை வகைக் கொடி என்றது.

உப்பிலி நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம். அவளிடம் வந்தார். இரண்டடி தள்ளி நின்றார். மூக்கைச் சுருக்கினார்.

"பாச்சா உருண்டை" என்றார்.

"என்ன?"

"உன் புடவையில. பீரோவிலேருந்து எடுத்து வெயில்ல காட்டாம கட்டிண்டு வந்திருக்கே."

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினாள். நொச்சியை உருவி நீட்டினாள். அவர் மோந்து, தும்மி, சிரித்தார். புத்தகத்தைத் திறந்து "இல்லை"யை அடித்து, "கசப்பு, பச்சை, மழைக்கு முந்தின வாசனை" என்று எழுதினார். மிளகரணைக்கு, "நாரத்தை, கொஞ்சம் மிளகு." பேய்மிரட்டிக்கு முன்னால் நின்று இரண்டடி பின்வாங்கினார், "பேய் செய்தது சரி" என்று எழுதினார். வாசனை மங்குகிறதென்று தோன்றின இடத்திலெல்லாம் மாரியாத்தாள் கரிச்சானைக் கொண்டுவந்து ஒரு தரம் காட்டினாள். பதினாலு செடிக்கும் திருத்தம் போட்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையெழுத்திட்டு, லக்ஷ்மிநரசிம்மனிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார். குருந்துக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இலையை மோந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு, கறிவேப்பிலைபோல் அதை மென்றுகொண்டே நடந்தார்.

மாமர நிழலில் வஞ்சுளவல்லி தூக்குவாளியைத் திறந்தாள். எல்லாருக்குமாகப் புளியோதரை கொண்டுவந்திருந்தாள். தேக்கிலையில் வைத்து முதலில் அவரிடம் கொடுத்தாள். மற்றவர்கள் கையில் இலையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் ஒரு கவளம் வாயில் போட்டார். மென்றார். அவள் அவருடைய தாடை ஏறி இறங்குவதையே பார்த்தாள்.

"வஞ்சு."

"ம்."

"வெந்தயத்தைக் கருக விட்டுட்டே."

லக்ஷ்மிநரசிம்மன் அவசரமாக ஒரு வாய் போட்டுக்கொண்டு, "எனக்கு நன்னாத்தான் இருக்கு மாமி" என்றார்.

"நீங்க சும்மா இருங்கோ. அவருக்குத் தெரியும்" என்றாள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்; முந்தானையில் ஏறியிருந்த கிடா வாடைக்கு ஒரு தரம் குமட்டினாள்; பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு வருஷம் உறையிலிருந்த வாளை உருவினாள்.

"கருகலை. சிவக்க வறுத்தது. வெந்தயத்தை வெளுப்பா வறுத்துப் பொடி பண்ணச் சொல்லி எந்த ஊர்ல சொல்லிக் குடுத்தா?"

"சிவப்புக்கும் கறுப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதோ?"

"கிடாவுக்கும் செடிக்கும் தெரியலையே."

மாரியாத்தாள் வாயிலிருந்த சோறு தெறித்தது. உப்பிலி விடவில்லை. நல்லெண்ணெய் செக்கெண்ணெய் இல்லை, கடையில் ஏமாந்துவிட்டாய் என்றார். வாங்கி வந்தது யார் என்று அவள் கேட்டாள். கடலையை ஊறப் போடாமல் அப்படியே தாளித்திருக்கிறாய் என்றார். ஊறப் போடாத இதே கடலையைப் போன மாதம் நன்னாயிருக்கு என்று சொன்னது யார் என்றாள். போன மாதம் தனக்கு மூக்கே இல்லை, அந்த மாதச் சாட்சியம் செல்லாது என்றார் அவர். பேசிக்கொண்டே மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆட்டோவிலும் பேசினார்கள். ஆட்டோக்காரர் ராஜபாளையம் வரும்வரை பக்கவாட்டில் வெளியே தலையை நீட்டி ஓட்டினார். அது பேச்சினாலா, சேலையில் ஏறின கரிச்சானாலா என்று சொல்வதற்கில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றும் பேசினார்கள். பெருங்காயத்தைப் பொரித்துப் போடுவதா, கரைத்து ஊற்றுவதா என்பதில் பேச்சு வந்து நின்றிருந்தது. மதுரை பஸ் ஒன்று வந்தது. கண்டக்டர் "வில்லிபுத்தூர், வில்லிபுத்தூர்" என்று கூவிப் பார்த்தார். போய்விட்டது. இரண்டாவது வந்தது.

"ஏறுறீகளா, இல்லியா?" என்று கேட்டார் கண்டக்டர்.

வஞ்சுளவல்லி அவரைத் திரும்பியே பார்க்காமல், போங்கள் என்று கையை ஆட்டினாள். "பொரிச்சுப் போட்டா மணம் எண்ணெயோட போயிடும்னு யார் சொன்னா? உங்க அம்மா சொன்னாளா? அவா காலத்துல..."

மூன்றாவது பஸ்ஸும் போயிற்று.

கண்ணுகளா, உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். கடுகு வெடிக்கிற சத்தம் தெருவரை கேட்கட்டும். உப்பு குறைந்ததென்று சொல்ல ஒருத்தரும், சொன்னவரை நாலு வார்த்தை கேட்க இன்னொருத்தரும் உங்கள் வீட்டில் நூறு வருஷம் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும். பிள்ளைகள் தலையில் எண்ணெய் மணமும், பெரியவர்கள் கையில் சோற்று மணமும் ஒருநாளும் குறையாதிருக்கட்டும். போய்ச் சாப்பிடுங்கள்.